கொடி பிடித்து நிற்கிறவர்கள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆரணியில் வரன் அமைந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தையில் முகூர்த்தம் என்றால் எப்படியும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவோம். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை கிடைத்து டல்லாஸ் போய்விட்டதால் வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டிருந்தாயே. நரைத்த தாடியும் கறுப்புத் தோல் சட்டையுமாக ஒரு பெருங்கூட்டம் மோட்டார் சைக்கிளில் சவ ஊர்வலத்தோடு போகிறது, இவர்கள் ஏதாவது கட்சியா, ரவுடிக் கும்பலா என்று. இரண்டும் இல்லை. பேட்ரியட் கார்டு ரைடர்ஸ் என்று பெயர். நான் இருக்கும் விச்சிட்டாவுக்குத் தெற்கே, காரில் அரை மணி நேரத்தில், மல்வேன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளையில் பைக் ஓட்டுகிற சிலர் 2005-ல் ஆரம்பித்ததுதான் இது. இப்போது நாடு முழுக்க இருக்கிறார்கள்.

ஆரம்பித்த காரணம் கேட்டால் உனக்கு வயிறு எரியும். இதே கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊரில் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒன்று. பெயர்தான் சர்ச். ஃபிரெட் ஃபெல்ப்ஸ் என்பவரும் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பெரும்பாலும் அதில் ஆட்கள். தன்பாலின ஈர்ப்பாளர்களை இந்த நாடு ஏற்றுக்கொள்கிறது, அதனால் கடவுள் கோபப்பட்டு இந்த நாட்டுச் சிப்பாய்களைக் கொல்கிறார் என்பது அவர்களுடைய பிரசங்கம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த பையன்களை அடக்கம் செய்யும் இடத்துக்கே போய், 'செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி' என்று அட்டை பிடித்து நின்றார்கள். பெற்றவர்கள் பெட்டிக்குப் பின்னால் நடந்து வரும்போது! சின்னப் பிள்ளைகள் கையில்கூட அட்டையைக் கொடுத்திருந்தார்கள்.

நம் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அட்டையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டான். இந்த பைக்காரர்களில் பலர் வியட்நாம் போய் வந்தவர்கள், கைகலப்புக்கு அஞ்சுகிற ஆட்கள் இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு முடிவு எடுத்தார்கள்: அடிப்பதில்லை, திட்டுவதில்லை, சட்டத்தை மீறுவதில்லை. 2005 அக்டோபரில் பக்கத்து மாநிலமான ஒக்லஹோமாவில் செல்சி என்ற ஊரில் நடந்த ஒரு சிப்பாயின் அடக்கத்துக்குப் போனார்கள். ஆளுக்கொரு பெரிய கொடியைப் பிடித்துக்கொண்டு, அட்டைக்காரர்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்பது அவர்கள் வழி. குடும்பத்தின் கண்ணில் கொடிகள் மட்டும்தான் படும். எதிர்த்தரப்பு கோஷம் போட்டால் வண்டிகளை முறுக்கி உறும விடுவார்கள், இல்லாவிட்டால் தேசபக்திப் பாட்டு பாடுவார்கள். கோஷம் குடும்பத்தின் காதுக்குப் போகாது.

நீ வக்கீல் என்பதால் இதன் சட்டப் பக்கத்தையும் சொல்கிறேன். 2006 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மரைன் வீரனின் சடங்கிலும் இந்தச் சர்ச்சுக்காரர்கள் அட்டையோடு நின்றார்கள். அந்த அப்பா வழக்குப் போட்டார். ஜூரி கிட்டத்தட்ட 1.1 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது, நீதிபதி அதைப் பாதியாகக் குறைத்தார், அப்பீலில் மொத்தமும் போயிற்று. அதோடு விடவில்லை. எதிர்த்தரப்பின் அப்பீல் செலவு 16,000 டாலருக்கு மேல் அந்த அப்பாவே கட்ட வேண்டும் என்று உத்தரவு. மகனையும் கொடுத்து, அவன் சாவைக் கொண்டாடியவர்களுக்குப் பணமும் கட்டச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்! 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சர்ச்சுக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தில், போலீஸ் சொன்ன தூரத்தில், பொது விஷயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எவ்வளவு புண்படுத்தினாலும் அது பேச்சுரிமைதான் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி அலிட்டோ ஒருவர்தான் மாற்றுக் கருத்து. தூரத்தையும் நேரத்தையும் பற்றி மட்டும் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 2006-ல் தேசிய கல்லறைகளுக்கு 300 அடிக்குள் சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் போராட்டம் கூடாது என்று, 2012-ல் அதை இரண்டு மணி நேரமாக்கினார்கள்.

அந்த அப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். வாயை மூட அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தால் நாளைக்கு அது யார் வாயை மூடும் என்று யாருக்குத் தெரியும்? கோர்ட்டால் அந்தக் குடும்பத்துக்குச் செய்ய முடியாததை இந்த பைக்காரர்கள் செய்துவிட்டார்கள். ஒருவனுடைய உரிமையிலும் கை வைக்காமல் செய்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மரியாதைக்கு அதுதான் காரணம்.

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் நல்லதுக்கு அழைத்தால் போவோம், கெட்டதுக்குத் தகவல் தெரிந்தாலே போதும், கிளம்பிவிடுவோம். வேலூர்ப் பக்கம் ஒரு பட்டாளத்துக்காரர் உடல் வந்தால் முகம் தெரியாதவர்கள்கூட ரோட்டில் வந்து நிற்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. குடும்பம் கூப்பிட்டால்தான் போவார்கள், வேண்டாம் என்றால் அந்த ஊர்ப் பக்கமே தலை காட்ட மாட்டார்கள். முதலில் எனக்கு அது ஒட்டாத வழக்கமாகப் பட்டது. யோசித்தால், கூப்பிடாமல் வந்து நின்ற ஒரு கூட்டத்தால்தானே இவ்வளவும். இவர்களும் கேட்காமல் வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்?

என் பக்கத்து வீட்டுக்காரர் இதில் இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டியவர், வியட்நாம் போனவர். அங்கிருந்து திரும்பியபோது வரவேற்க யாரும் வரவில்லை என்று ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. போன மார்ச்சில் அவர் கூப்பிட்டு வின்ஃபீல்டுக்குப் போனேன். இங்கிருந்து ஒரு மணி நேரம், மாநில அரசின் முன்னாள் படைவீரர் கல்லறை அங்கே இருக்கிறது. இதில் சேர நீ பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை, பைக்கும் வேண்டியதில்லை. நான் காரில்தான் போனேன்.

அன்றைக்கு அடக்கம் செய்தது போரில் இறந்தவரை அல்ல. ஒரு வயதானவர், எப்போதோ ராணுவத்தில் இருந்தவர், சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கூப்பிடக் குடும்பமே இல்லாததால் கல்லறை அலுவலகமே தகவல் சொல்லியிருந்தது. சர்ச் கூட்டத்தின் சத்தம் இப்போதெல்லாம் முன்போல் இல்லை, ஃபெல்ப்ஸும் 2014-ல் இறந்துவிட்டார். வந்த வேலை முடிந்தது என்று இந்த பைக்காரர்கள் கலைந்துபோயிருக்கலாம். கலையாமல், இந்த மாதிரி ஆள் இல்லாத பெரியவர்களுக்கு வந்து நிற்கிறார்கள்.

ரைடு கேப்டன் என்று ஒருவர். எங்கே நிற்பது, எப்போது சல்யூட், செல்போனை அணைத்தாயா, எல்லாம் அவர் சொல்வதுதான். என் கையிலும் ஒரு கொடியைக் கொடுத்தார்கள். கான்சாஸ் காற்று உனக்குத் தெரியாது. துணி படபடவென்று அடித்துக் கம்பைப் பிடுங்கப் பார்க்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா கம்பின் அடியை ஷூவால் மிதித்து, மேலே முழங்கையால் அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். சவ வண்டியைக் கூட்டிக்கொண்டு பைக்குகள் இரண்டிரண்டாக உள்ளே வந்தன. அவ்வளவு இஞ்சின்களும் ஒரே நேரத்தில் அணைந்தபோது கொடிகளின் சத்தம் மட்டும்தான்.

யூனிஃபார்மில் இரண்டு இளம் சிப்பாய்கள் வந்திருந்தார்கள். குறைந்தது இரண்டு பேராவது வந்து, கொடியை மடித்து, டேப்ஸ் என்ற அந்த 24 சுர இசையை ஒலிக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஊதத் தெரிந்தவர்கள் கிடைக்காததால் பியூகிள் என்ற ஊதுகொம்புக்குள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். பொத்தானை அமுக்கி, வாயில் வைத்தபடி அசையாமல் நின்றால் போதும். எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசி மரியாதைக்கு மூச்சு கொடுத்து ஊத ஒருவர் கிடைக்க வேண்டும். பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா என்று ஒரு தொண்டர் அமைப்பு அதற்காகவே 2000 முதல் இருக்கிறது. எல்லா இடத்துக்கும் அவர்களால் வர முடிவதில்லை போலும்.

கொடியை 13 மடிப்பாக முக்கோணமாக மடித்தார்கள். கடைசியில் நீலமும் நட்சத்திரங்களும்தான் வெளியே தெரியும், சிவப்பு ஒரு நூல்கூடத் தெரியக் கூடாது. அந்தப் பையன் ஓரத்தில் எட்டிப் பார்த்த சிவப்பை விரலால் உள்ளே தள்ளித் தள்ளிச் சரிசெய்தான். மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்க வேண்டிய கொடியை, மண்டியிட்டு, நன்றியுள்ள தேசத்தின் சார்பில் என்று முழு வாசகமும் சொல்லி என் பக்கத்து வீட்டுக்காரர் கையில் வைத்தான். அவரிடம்தான் கொடுப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியாது. பெயரைத் தவிர இறந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர், அண்ணனைப் பறிகொடுத்தவர் மாதிரி அழுதார்.

அதிலிருந்து முடிந்தபோதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். மீனாவும் ஒரு முறை வந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

அப்புறம், உன் தங்கை மகன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சியில் இருப்பதாக அம்மா போனில் சொன்னார்கள். நீ ஏன் எழுதவில்லை? அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். நானே ஒரு கடிதம் போட வேண்டும், கடிதம் போய்ச் சேருகிற மாதிரி முழு விலாசமும் அனுப்பு. முகூர்த்தத் தேதி முடிவானதும் உடனே சொல், டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி