அடைப்புக்குறிக்கு வெளியேயும் பாடம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மாலையில் என்னிடம் படிக்க வருகிறாள். அவளுடைய அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் அடைப்புக்குறி. 'இங்கேயிருந்து இதுவரை மூன்றாவது கேள்விக்கு விடை' என்று வகுப்பில் குறித்துக் கொடுத்தது. அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வெளியே உள்ள வரிகளைப் படித்ததே இல்லை.

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "சரி, இலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றேன். "அது கேள்வியில இல்லையே டீச்சர்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நானும், பாடத்தை முடிக்கும் அவசரத்தில் விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொன்னவள்தான். இப்போது உறுத்துகிறது.

அப்புறம் இப்படிச் செய்தோம். ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், பென்சிலைத் தொடக்கூடாது. புத்தகத்தை மூடிவிட்டுப் புரிந்ததை எழுத வேண்டும். நோட்டில் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிக் கோடு போட்டுக்கொண்டோம். வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் அதிலிருந்து எழும் கேள்வி, அடியில் நான்கு வரியில் சாரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வால்டர் பாக் வகுத்த முறை இது. ஒரு ஸ்கேல் இருந்தால் போதும். எழுதி முடித்ததும் வலப்பக்கத்தைக் கையால் மறைத்து, கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இதை மட்டும் விடவே கூடாது. திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மறைத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்காதது எது என்று தெரியும்.

முதல் இரண்டு வாரம் புத்தக வரிகளேதான் வந்தன. மூன்றாவது வாரம், 'வேர் தண்ணி அனுப்புது. இலை காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்குது. வெயில் இல்லன்னா சமையல் நடக்காது' என்று எழுதியிருந்தாள். இடப்பக்கத்தில், 'அப்போ ராத்திரி செடி என்ன செய்யும்?' என்ற கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால அட்டவணையில் இருக்கும் நூலக பீரியட், தேர்வு நெருங்கினால் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுகிறது. அதை வாரம் ஒரு நாளாவது இந்தப் பயிற்சிக்கு விட்டுவைக்கப் பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பாடப்புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் ஒரு பக்கம் போதும். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கவும் வேண்டாம். பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் அடியில் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அருப்புக்கோட்டை