பீரோ போனது ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் உனக்கு அங்கே ஆபீஸ் கிளம்புகிற அவசரம், எனக்கு இங்கே கண் சொருகுகிற நேரம், நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் வீட்டை ஒழிக்கிற விஷயத்தை எழுதியே அனுப்பிவிடுகிறேன், நிதானமாகப் படி. கட்டடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தாலே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று 2022-இல் கொண்டுவந்த சட்டம் சொல்கிறது, இங்கே அதற்கு வேலையே வைக்காமல் எதற்கும் சண்டை பிடிக்கிற மேல்மாடிக்காரர்கூடச் சரி என்றுவிட்டார். பொங்கல் முடிந்ததும் பில்டரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். கீழ்க்கட்டளையில் பார்த்திருக்கிற வாடகை வீட்டில் இரண்டு படுக்கையறை உண்டு, பரண் கிடையாது. நங்கநல்லூரில் இத்தனை வருஷமாகச் சேர்ந்ததில் பாதி பரணில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் நீ சொன்னதை யோசித்தேன். முடிந்ததை விற்றுவிடுங்கள், மிச்சத்தை ஏதாவது ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாய். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

விற்பதை முதலில் சொல்கிறேன். ஃப்ரிட்ஜை மட்டும் விற்கலாம் என்று ஒரு இணையதளத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கூப்பிட்டான், ராணுவத்தில் இருக்கிறானாம், மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறானாம், பேரமே பேசவில்லை, அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று ஒரு க்யூஆர் கோடை அனுப்பி அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொன்னான். நமக்குப் பணம் வருவதற்கு நாம் எதற்குப் பின் நம்பர் போட வேண்டும்? போட்டால் பணம் போகும், வராது. முப்பது வருஷம் அக்கவுண்ட்ஸில் குப்பை கொட்டினவனிடமா இந்த வேலை? வைத்துவிட்டேன். நிஜமாகவே வாங்க வந்தவர்களோ கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சொன்ன விலையில் பாதிக்கும் கீழே கேட்டார்கள், அது போதாதென்று ரப்பரை மாற்றித் தரச் சொன்னார்கள். ஐநூறு ரூபாய்க்கு நின்று வாதாடுவதைவிடச் சும்மா கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆசிரமம் என்றால் எனக்கு 2004 சுனாமிதான் ஞாபகம் வருகிறது. நீ சின்னப் பெண், உனக்கு நினைவிருக்காது. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரமெல்லாம் பழைய துணி குவிந்து கிடந்தது. நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக வந்த துணி, மீனவ ஜனங்கள் அதைத் தொடவே இல்லை, மழையில் நனைந்து மக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் போய் நிற்கிறவனுக்கும் அடுத்தவன் கிழிசல் வேண்டாம், அதில் என்ன தப்பு? யாருக்கு எது தேவை என்று கேட்காமல் நம் வீட்டைக் காலி செய்துகொள்வதற்குப் பெயர் தானம் இல்லை. இங்கே பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து கேட்டேன், மரியாதையாகச் சொன்னார்கள்: "சார், துணி வேண்டாம், பாத்திரம் வேண்டாம், பெரியவங்களுக்கு டயப்பர் வாங்கிக் குடுத்தா உபயோகமா இருக்கும்." வாங்கிக் கொடுத்தேன். பரண் அப்படியேதான் இருந்தது.

அப்போதுதான் உன் ஊர் பழக்கம் நினைவுக்கு வந்தது. நாங்கள் அங்கே வந்திருந்தபோது நீ பை நத்திங் என்று ஒரு குழுவைக் காட்டினாயே, சியாட்டிலிலிருந்து படகில் போகிற பெயின்பிரிட்ஜ் தீவில் 2013-இல் இரண்டு பெண்கள் தொடங்கினது, காசும் கிடையாது பண்டமாற்றும் கிடையாது, அவரவர் பேட்டைக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அரிசோனாவில் டூசான் என்கிற ஊரில் ஒருவர் ஃப்ரீசைக்கிள் என்று மின்னஞ்சல் வழியாக இதையே ஆரம்பித்திருக்கிறார், அப்புறம் தேடிப் படித்தேன். நமக்கு அவ்வளவு தூரம் போவானேன், தெரு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறதே. 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றிச் சென்னையே குடத்தோடு நின்றபோது, மெட்ரோ வாட்டர் லாரி எங்கே வருகிறது என்று கேட்பதற்காக ஆரம்பித்த குழு, இப்போது குட்மார்னிங் படத்துக்கு மட்டும்தான் பயன்படுகிறது. அதில் போட்டேன். நங்கநல்லூர் ஃபேஸ்புக் குழு ஒன்றிலும் கீழ்வீட்டுப் பையன் சேர்த்துவிட்டான்.

எழுதுவதில் ஒரு வித்தை இருக்கிறது. "நல்ல நிலையில் உள்ளது" என்று போட்டால் நாற்பது கேள்வி வரும். ஆகவே டேப் வைத்து அளந்து நீளம் அகலம் போடுகிறேன், எந்த மாடி, லிஃப்ட் இல்லை, ஆள் நீங்களே கூட்டி வர வேண்டும் என்றும் சேர்த்துப் போடுகிறேன், குறையை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கதவு எண்ணைப் பொதுவில் போடுவதில்லை, வருவது உறுதியானவருக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். அப்படியும் இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்ட பிறகு "ஃபைனல் ரேட் என்ன சார்" என்று கேட்கிறவர் உண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வராமலே போகிறவர் அதைவிட அதிகம். முதலில் கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டும் என்றில்லை, ஒரு நாள் விட்டுப் பார்த்துக் கொடுங்கள் என்று நீ சொன்ன யோசனை நன்றாக வேலை செய்கிறது. முதல் ஐந்து நிமிஷத்தில் கை தூக்குகிறவர்களில் எதைப் போட்டாலும் கை தூக்குகிறவர் ஒருவர் இருப்பார், அவர் எங்கேயோ பழைய சாமான் கடை வைத்திருக்கிறார் என்று சந்தேகம். இருக்கட்டும், அதுவும் ஒரு பிழைப்பு, ஆனால் கிரைண்டரை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

கிரைண்டர் கதையைக் கேள். அம்மாவின் பழைய டில்டிங் கிரைண்டர், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது, முட்டி வலி வந்ததிலிருந்து அவள் டேபிள் டாப்புக்கு மாறிவிட்டாள், இது பால்கனியில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொடுக்கலாம் என்றாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். மூவரசம்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், வீட்டிலேயே மாவு அரைத்துக் கடைகளுக்குப் பாக்கெட் போடுகிறவர். வந்ததும் மோட்டாரைப் பார்க்கவில்லை, பெல்ட்டைப் பார்க்கவில்லை, உட்கார்ந்து உள்ளே கையை விட்டு விரல் நுனியால் கல்லைச் சுற்றித் தடவினார், குழவியையும் புரட்டித் தடவினார். "வழுவழுன்னு ஆயிடுச்சு, கொத்தணும். ஆனா கல்லு நல்ல கல்லும்மா" என்றார். அவ்வளவுதான், உன் அம்மா காபி போட எழுந்து போய்விட்டாள். அப்புறம் உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர், ஐஸ் தண்ணீர் விட்டால் மாவு காணுமா, புழுங்கலரிசி எந்தக் கடையில் என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். தூக்கிப் போக வந்த அவர் பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். போகும்போது குழவியை மட்டும் அம்மாவே ஒரு பழைய புடவையில் சுற்றிக் கொடுத்தாள்.

உங்கள் ஊரில் இப்படி நடக்காது இல்லையா? குழந்தையின் தள்ளுவண்டியை நீ வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாய், யாரோ வந்தார்கள், எடுத்துப் போனார்கள், போனில் ஒரு நன்றி வந்தது, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான், எடுக்கிறவருக்குக் கூச்சம் இல்லை. இங்கே வருகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்து, ஏன் வீட்டைக் காலி செய்கிறீர்கள், பெண் எங்கே இருக்கிறாள், என்ன வேலை, பேரன் பேத்தி எத்தனை என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சாமானைத் தொடுவார். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது மாடிப்படியில் ஆள் அரவம் கேட்டால் நானே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறேன்.

பீரோதான் பெரிய பாடு. ஆள் கிடைப்பதில் சிரமமே இல்லை, கேட்டவர்கள் ஏகப்பட்ட பேர், நாள் கிடைக்கவில்லை. செவ்வாய், வெள்ளி வீட்டை விட்டுப் பொருள் போகக் கூடாது என்று உன் அம்மா. எடுத்துப் போகிற குடும்பத்துக்குச் சனிக்கிழமைதான் லீவு, ஆனால் சனிக்கிழமை வீட்டுக்குள் இரும்பு வரக் கூடாது என்று அவர்கள் வீட்டுப் பாட்டி. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் சாயந்திரம்தானே என்று காலையிலேயே ஒரு குட்டி யானை வண்டியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் பீரோ நட்டுக்க நின்றுகொண்டது. அதில் ஒரு பையன் கதவு இரண்டையும் கழற்றி, லாக்கர் பெட்டியை உருவி, வெறும் கூட்டை மட்டும் கயிறு கட்டி இறக்கினான். லாக்கரை நான் முன்பே துழாவிவிட்டேன், பழைய வங்கிப் பாஸ்புக்கும் உன் தடுப்பூசி அட்டையும் இருந்தன, எடுத்து வைத்திருக்கிறேன்.

"சொந்தக்காரங்களுக்குக் குடுக்கலையாப்பா" என்று நீ கேட்பாய் என்று தெரியும். சாப்பாட்டு மேஜையை உன் அத்தைக்குக் கொடுத்தோம், இல்லையா? எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அந்த மேஜையின் கால் ஆடுகிற கதை வருகிறது. அவளுக்குக் கொடுத்தோம், எனக்கு ஏன் இல்லை என்று இன்னொரு பக்கம். சொந்தத்துக்குக் கொடுத்த பொருள் நம்மை விட்டுப் போவதே இல்லை பாப்பா. முன்பின் தெரியாதவர் எடுத்துப் போனால் அத்தோடு கணக்கு முடிந்தது.

போகாத சாமானும் இருக்கிறது. உன் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் யாருக்கும் வேண்டாம், 2018-லிருந்து பாடத்திட்டமே மாறிவிட்டது, பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று. சோபா படத்தைப் போட்டதும் வந்த முதல் கேள்வி "மூட்டைப்பூச்சி இருக்கா சார்", இல்லை என்றேன், யாரும் நம்பவில்லை. ஆனால் இலவம்பஞ்சு மெத்தைக்குப் போட்டி, பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம், ஃபோம் மெத்தையில் அது நடக்காது. மிக்ஸிக்கும் ஆள் இல்லை. 2011-க்கு அப்புறம் அரசாங்கமே ரேஷன் கார்டுக்கு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று கொடுத்ததே, அது இன்னும் பல வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. டப்பா டிவியைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள். காயலான் கடைக்காரர் கேட்டார், அவர் செம்பை உருவிக்கொண்டு கண்ணாடியைத் தெருவில் உடைத்துப் போடுவார், அதில் ஈயம் இருக்கிறது, அதனால் மின்கழிவு எடுக்க உரிமம் வாங்கின இடத்துக்கு ஆட்டோ வைத்து நானே கொண்டுபோகப் போகிறேன். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதுசுக்குக் கழித்துக்கொள்வார்கள். கேஸ் சிலிண்டரை எத்தனை தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும்.

மேல்மாடிக்காரர், "எதுக்கு சார் இத்தனை மெனக்கெடறீங்க, போகி வருது, மொத்தமா கொளுத்திடலாம்" என்கிறார். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் திண்டாடியதை இந்தத் தெருவில் இருந்துகொண்டே பார்த்தவர். என்ன சொல்ல?

சரி, இனி உன் பங்கு. கொலுப்படியைப் புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் போட்டேன், சட்டென்று போய்விட்டது, பொம்மைகளில் மரப்பாச்சியையும் தசாவதார செட்டையும் அம்மா வைத்துக்கொண்டாள். உன் சைக்கிளுக்கு டியூப் மாற்றி வைத்திருக்கிறேன், கீழ்வீட்டில் துணி தேய்க்கிறவர் பெண் எட்டாவது படிக்கிறது, கேட்டிருக்கிறார்கள், உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேரம் போர்டு, கீபோர்டு, உன் ஓவிய நோட்டுகள், டிராபிகள், பெயர் எழுதி ஒட்டின அந்த அட்டைப்பெட்டி, எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வை, கொடு என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், இதயம் போட்டு அனுப்பாதே, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல். சனிக்கிழமை நான் குழுவில் போட்டுவிடுவேன். சைக்கிள் விஷயத்தை மட்டும் இன்றைக்கே சொல், அந்தப் பெண் தினமும் வந்து மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறது.

அப்பா