மாலை ஆறு மணிக்கு உங்கள் குட்டையில் என்ன இருக்கிறது?

சேலம் மாவட்ட சேகோ (ஜவ்வரிசி) ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரிந்திருக்கலாம். ஆத்தூர் வட்டாரத்துத் துணை மின் நிலையங்களில் பல ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன் நான். 2012இல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்சாரம் நின்றது. தொட்டியில் கிழங்குப் பால் புளிக்கிறது, கரண்ட் எப்போது வரும் என்று நள்ளிரவில் தொலைபேசியில் கேட்டவர்கள் நீங்கள். "மேலிடத்து உத்தரவு, என் கையில் இல்லை" என்று பதில் சொன்னவன் நான். அன்றைக்கு வாங்கிய ஏச்சுகள் எல்லாம் மறந்துவிட்டன என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக இந்த மடலை எழுதவும் இல்லை. உங்கள் கழிவுநீர்க் குட்டையில் கிளம்பும் வாயுவை மாலையில் எரித்து மின்சாரம் எடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் ஒரு பழக்கம். துணை மின் நிலையத்தில் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஃபீடரிலும், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒவ்வொரு தடத்திலும், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். பகலும் இரவும், பொங்கலும் தீபாவளியும் இதற்கு விலக்கில்லை. பல ஆண்டுகள் இப்படி எண்களை எழுதியவனுக்கு ஊரின் வாழ்க்கை எண்ணாகவே மனத்தில் பதிந்துவிடும். பணியின் கடைசி ஆண்டுகளில் அந்த எண்கள் மாறிக்கொண்டே வந்தன. கூரைகளில் சூரியத் தகடுகள் ஏற ஏற, நண்பகல் எண் இளைத்தது. மாலை ஆறு மணிக்கு மேல் எண் குறையவில்லை. கோடைதோறும் ஏறிக்கொண்டே போனது. வெயில் இறங்கியதும் தகடுகள் கைவிட்டுவிடும், அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் போடுவார்கள். 2024 ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரவுப் புழுக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத வழிகளில் இருந்து வருகிறது என்று 2025இல் அறிவித்தார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் நிறுவு திறன் (எல்லா நிலையங்களும் முழுதாக ஓடினால் தரக்கூடிய அளவு) வேறு, உண்மையில் ஓடிவரும் யூனிட் வேறு. யூனிட்டைக் கணக்கிட்டால் இன்றும் நான்கில் மூன்று பங்கை ஒட்டி நிலக்கரிதான் தருகிறது. இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவது மாலையில்தான். ஆகவே புதிய மின்சாரம் எதைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, அது மாலை ஆறு மணிக்கு வருமா என்பது. விலையை அதற்குப் பிறகுதான் விசாரிப்பேன்.

இப்படிக் கேட்டுப் பார்த்தால் பெரிய பெயர்கள் பலவும் கொஞ்சம் தயங்கும்.

மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் கட்டி முடித்த அணை, 1937இல் அதன் அடியில் மின் நிலையம் என்று நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தண்ணீர் டெல்டா விவசாயிகளுடையது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. அதுவும் கர்நாடகத்தில் மழை பெய்து, அணையில் நீர் இருந்தால்தான். நாற்று நட்டவனுக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் மின்சாரம் வருமே தவிர, நமக்கு வேண்டிய நேரத்தில் வராது. அதே மேட்டூரில் அனல் மின் நிலையமும் இருக்கிறது. 840 மெகாவாட், பிறகு சேர்ந்த 600 மெகாவாட், ஆக 1440. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கி, ரயிலில் மேட்டூர் வந்து எரிகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. மாலையில் தேவைப்படுகிறது என்பதற்காக நண்பகலிலும் அதை அணைக்காமல் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்தபோது பற்றவைத்து நினைத்தபோது அணைக்க அது வீட்டு அடுப்பு இல்லை.

காற்றாலை? நம் மாநிலத்துக் காற்றாலைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காற்று வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. "சேர்வராயன் மலை மேல் காற்றாலை வைத்தால் என்ன?" என்று தேநீர்க் கடையில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்பார். காற்று அள்ளிக்கொண்டு வருவது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியாக. நம் மலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் சில காலம் ஏற்காட்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழாத வாரம் கிடையாது. அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காற்றாலை இறக்கையை ஏற்றிச் செல்லும் லாரி எப்படித் திரும்பும் என்பதையும் கேட்டவரே சொல்லட்டும். அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக அந்த மலையை ஒருமுறை கீறியது போதும்.

கூடங்குளம் இரவும் பகலும் ஒரே சீராக ஓடும். மாலைக்கு என்று கூட்டிக் குறைக்க அதில் வசதி இல்லை. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் மின் தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் ஏற்பாடு 1980களின் கடைசியில் இருந்தே இருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் புதிதாக ஒன்று கட்ட மலை வேண்டும், காடு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். மின்கலங்கள் விலை இறங்கி வருகின்றன, வரட்டும்.

இனி உங்களிடம் வருகிறேன்.

குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, பால் வடித்து, மாவு படிந்த பிறகு தொட்டியில் இருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போனது என்று எங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். திறந்த குட்டைக்குப் போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் கடந்த ஊர்கள் எத்தனை! கிணறுகள் கெட்டன. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது: அந்தக் குட்டையில் இருந்து மீத்தேன் கிளம்பி வானத்துக்குப் போனது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவை விட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. பிறகு உங்களில் பலர் குட்டையை ஷீட் போட்டு மூடினீர்கள், வாயுவைப் பிடித்தீர்கள், எஞ்சின் வைத்து ஆலையையே ஓட்டினீர்கள். சிலர் வறுக்கும் அடுப்புக்கு விறகுக்குப் பதில் அதைக் கொடுத்தீர்கள். கட்டாயத்தால் செய்தீர்களோ கணக்குப் பார்த்துச் செய்தீர்களோ, செய்தீர்கள். அதைப் பாராட்டி யாரும் இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். நான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு குறை. அந்த வாயுவைத் தவறான நேரத்தில் எரிக்கிறீர்கள்.

நான் பார்த்த ஆலைகளில் வாயு சேரச் சேர எஞ்சின் ஓடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு, களத்தில் ஜவ்வரிசி பொன்னாகக் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஊரெல்லாம் சூரிய மின்சாரம் மலிந்து கிடக்கும்போது, உங்கள் எஞ்சினும் ஓடுகிறது. மாலை ஆறு மணிக்குக் குட்டையின் மேல் ஷீட் தொங்கிப்போய்க் கிடக்கிறது, ஆலையோ மின் வாரியத்தின் மின்சாரத்துக்கு மாறுகிறது. உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் மின் தேவை மிகுந்த உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். பில்லை எடுத்துப் பாருங்கள், அந்த வரி தனியாக இருக்கும்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 1,000 கனமீட்டர் வாயு கிடைக்கும் ஆலை என்று வையுங்கள். ஒரு கனமீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் எடுக்கலாம். நாள் முழுதும் ஓட்டினால் எந்த நேரமும் 60 முதல் 80 கிலோவாட். காலை பத்து முதல் மாலை ஆறு வரை எஞ்சினைத் தொடாமல் வாயுவைத் தேக்கி, ஆறு முதல் பத்து வரை எரித்தால், அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் 190 முதல் 250 கிலோவாட். ஒரு சொட்டு வாயுகூட அதிகமில்லை, நேரம்தான் வேறு. மிச்ச வாயுவை இரவிலும், காலை உச்ச நேரத்திலும், அடுப்பிலும் நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். பகலுக்கு ஆலைக் கூரையில் தகடுகள் போதும்: ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி, நாளைக்கு நான்கு யூனிட் அளவு. களத்தின் மேல் மட்டும் தகடு போட வேண்டாம். 1943இல் இங்கே ஜவ்வரிசி செய்யத் தொடங்கியதில் இருந்து அந்தக் களம் வெயிலை வேலைக்கு வைத்திருக்கிறது. அதைவிடச் சிக்கனமான சூரிய இயந்திரம் எனக்குத் தெரியாது.

இன்னொரு பொருத்தத்தையும் கவனியுங்கள். கிழங்கு வரத்து பெருகுவது புரட்டாசி முதல் பங்குனி வரை. காற்றாலைகள் ஓய்வெடுக்கும் மாதங்களும் அவைதான்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். அவை நியாயமானவை. பெரிய எஞ்சின் வேண்டும் என்பீர்கள். ஆமாம், மேலே சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ மூன்று மடங்கு திறன் வேண்டும், அதற்கு முதல் போட வேண்டும். ஆகவே முதல் ஆண்டு அதைச் செய்யாதீர்கள். இருக்கிற எஞ்சினையே பகலில் நிறுத்தி மாலையில் ஓட்டுங்கள், வாயு மிஞ்சினால் அடுப்புக்குக் கொடுங்கள். வாயுவைத் தேக்க இடம் ஏது என்பீர்கள்; குட்டையின் மேல் ஷீட் உப்பி நிற்பதே ஒரு சேமிப்புதான். அது எட்டு மணி நேர வாயுவைத் தாங்குமா, காற்றில் கிழியுமா என்பதை உங்கள் பொறியாளர் அளந்து சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது. அளக்காமல் தேக்குவது ஆபத்து. கந்தகம் எஞ்சினை அரிக்கிறது என்பீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் மெய்யான தொல்லை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வடிகட்டாமல் விட்டால் எண்ணெய் கெடும், பேரிங் போகும், எஞ்சின் மூலையில் நிற்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் அப்படி நின்ற எஞ்சினின் மேல் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மெக்கானிக் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும், வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை, பருவம் முடிந்துவிட்டது.

இதற்குத் தனி ஆலையால் தீர்வு காண முடியாது. கூட்டாக முடியும். சரக்கை விற்கத் தனித்தனியே அல்லாடியபோது 1981இல் சேகோசர்வ் என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்து உண்டாக்கியவர்கள் நீங்கள். கிடங்கு, ஏலம், தரம் என்று பொதுவில் வைத்துக்கொண்டதைப்போல இரண்டு எஞ்சின் மெக்கானிக்குகளையும், வாயுவைச் சுத்தம் செய்யும் பொருளையும், அவசரத்துக்கு ஒரு உதிரி எஞ்சினையும் பொதுவில் வைத்துக்கொள்ள முடியாதா? ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கையால் இது முடியாதது அல்ல.

வாரியத்துக்கு விற்பது பற்றி நான் இங்கே பேசவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அனுமதி, மீட்டர், கட்டணம் என்று அந்த வாசலில் நின்றால் இரண்டு பருவம் போய்விடும். அந்த வாசலின் உள்பக்கத்தில் இருந்தவன் சொல்கிறேன். மாலையில் நீங்கள் வாங்காமல் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஃபீடரில் குறையும் சுமைதான். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. மாலை யூனிட்டுக்குத் தனி விலை வேண்டும் என்று பிற்பாடு கேட்கத்தான் போகிறோம். அப்போது கையில் ஒரு பருவத்துப் பதிவேடு இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று இளைய உரிமையாளர் ஒருவர் ஒரு கல்யாணப் பந்தியில் என்னிடம் கேட்டார். இலையில் பாயசம் விழுந்துவிட்டதால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்து காடுகாடாகக் காய்ந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து, அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். வறட்சியும் வெப்பமும் கூடினால் அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். அதே பருவத்தின் மறுமுனையில், களத்தில் பரப்பிய பிறகு மழை வருமா என்று தை மாதத்திலும் வானத்தைப் பார்க்கிறீர்கள். வெயிலையும் மழையையும் நம்பி உங்களைப்போலத் தொழில் செய்பவர்கள் இந்த மாவட்டத்தில் விவசாயியைத் தவிர வேறு யாரும் இல்லை, தம்பி.

நான் கேட்பது ஓர் ஆலை. ஒன்றே ஒன்று, ஒரு பருவத்துக்கு. புரட்டாசியில் முதல் கிழங்கு லாரி எடைமேடை ஏறும் நாளில் இருந்து, எஞ்சினை மாலை ஆறு மணிக்குப் போட்டு இரவு பத்துக்கு நிறுத்த யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால், ஐந்தரை மணிக்கே நான் வந்துவிடுவேன். சம்பளம் வேண்டாம். மணிக்கு ஒருமுறை குறிக்க வேண்டியவை: வாயு அழுத்தம், எஞ்சின் தந்த யூனிட், வாரியத்தில் இருந்து வாங்கிய யூனிட், எண்ணெயின் நிறம், நின்றிருந்தால் எத்தனை நிமிடம், ஏன். கோடு போட்ட பதிவேடு ஒன்றைச் சேலம் கடைவீதியில் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். முதல் பக்கத்தில் ஆலையின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை மின் நிலைய ஆபரேட்டர் ஒருவர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்