மடிப்பு அட்டைக்கென்று விற்ற தாள் மடிக்கவே வரவில்லை: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மயில், மாவிலை டிசைன் தாள் 8 கட்டு, ரூ.5,120, தரக்குறைவு தொடர்பாக

ஐயா / அம்மா அவர்களுக்கு,

வணக்கம்ங்க. இந்த விஷயமாக நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம் இது. முந்தைய ஆறும் மெயிலில் அனுப்பியவை. அதில் மூன்றுக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. என்ன தீர்ந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி கிடையாது. மற்ற மூன்றுக்கு அதுவும் இல்லை. போனில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் கையால் எழுதி, வெடித்துப்போன அட்டை நான்கையும் உறைக்குள் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தால் போதும்.

நான் கொடுமுடியில் வீட்டிலிருந்தே கையால் அழைப்பிதழ் செய்து தருகிறேன். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று ஒன்பது வருடமாக இதுதான் தொழில். அதில் நான்கு வருடம் உங்கள் தாள்தான். போன வருடம் வரை ஒரு குறை சொன்னதில்லை. மடிப்புக் கோடு அழுத்தும் பலகையான ஸ்கோரிங் போர்டில் கோடு போட்டு மடித்தால் நூல் பிடித்த மாதிரி வரும். அந்த நம்பிக்கையில்தான் சிவகிரியில் ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு 300 அட்டை ஒத்துக்கொண்டு, எட்டு கட்டையும் ஒரே தடவையில் வாங்கினேன்.

உங்கள் தாளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 12 அங்குலச் சதுரத் தாளை நடுவில் வெட்டினால் 12-க்கு 6 என்று இரண்டு துண்டு. 3-லும் 9-லும் கோடு அழுத்தினால் இரண்டு கதவு திறக்கிற அட்டை. இதையேதான் உங்கள் கட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி மடித்ததும் மயில் கழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. மேலே பூசிய பூச்சு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் தெரிகிறது. ஒன்றில் இல்லை, மடித்த முப்பத்தெட்டு அட்டையிலும். முப்பத்தெட்டோடு கையை நிறுத்திவிட்டேன்.

இதற்கு உங்கள் ஆள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "மேடம், பேப்பர்னா மடிச்சா வெடிக்கத்தான் செய்யும். உங்களுக்கு மடிக்கத் தெரியலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்?"

ஜூலை 22-ஆம் தேதி, மாலை நான்கே கால் மணிக்கு வந்த போன். அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஆரம்பத்திலேயே சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். நான் "ஏனுங்க தம்பி, ஒன்பது வருசமா மடிக்கிறேனுங்க" என்றேன். அவர் சிரித்தார். "கையால செய்யறதுல இதெல்லாம் சகஜம் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு மடிக்கத் தெரியுமா என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள். எங்கள் ஊரில் ரயில் ஏறினால் கரூர் போகும் வழியிலேயே புகளூர். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் ஆலை அங்கே இருக்கிறது, அந்த இடத்துக்கே காகிதபுரம் என்றுதான் பேர். என் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாளுக்கு நார் ஓட்டம் உண்டு, மெஷினில் எந்தப் பக்கமாக ஓடியதோ அந்தப் பக்கமாக நார் படுத்திருக்கும், அதோடு சேர்த்து மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும் என்று நான் பள்ளிக்கூடம் போகும்போதே சொல்லிக்கொடுத்தார். ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவினால் அது சுருளும். சுருள் எந்தத் திசையில் குழாய் மாதிரி நீள்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை. உங்கள் எட்டுக் கட்டிலும் அப்படிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மயில் நிற்கும் திசைக்குக் குறுக்கே நார் ஓடுகிறது. அட்டையின் கதவு மடிப்பு மயிலோடு சேர்ந்து மேலிருந்து கீழே வர வேண்டியது. அப்படியானால் மடிப்பு ஒவ்வொன்றும் நாரை முறித்துக்கொண்டுதானே விழும்? தாளைத் திருப்பி வெட்டலாமே என்று உங்கள் இன்னொரு ஊழியர் யோசனை சொன்னார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திருப்பி வெட்டினால் மயில் மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். காதுகுத்துப் பத்திரிகையில் படுத்துக் கிடக்கிற மயிலை எந்த அப்புச்சி, அம்மாயி வாங்கிக்கொள்வார்கள்?

கோடு அழுத்தியதில் தப்பு இருக்குமோ என்றும் கேட்டார்கள். பள்ளம் வெளியே, மேடு உள்ளே வரும்படிதான் மடித்தேன். மடிப்பைத் தேய்க்கும் பட்டையான போன் ஃபோல்டரில்தான் தேய்த்தேன், நகத்தில் இல்லை. வெயிலில் தாள் காய்ந்துபோனாலும் வெடிப்பு கூடும், அதுவும் தெரியும். அதற்காகவே கட்டைப் பிளாஸ்டிக் உறையோடு உள்ரூமில்தான் வைப்பேன்.

எடை விஷயம் சொல்ல விட்டுப்போனது. கட்டின் மேல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), 24 தாள் என்று அச்சடித்திருக்கிறீர்கள். 12 அங்குலச் சதுரத் தாள் 250 ஜிஎஸ்எம் என்றால் ஒன்று 23 கிராமுக்கு மேல் வர வேண்டும், 24 தாளும் சேர்ந்து சுமார் 557 கிராம். கடைவீதியில் நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். 381 கிராம். இன்னொரு கட்டு 378. கணக்குப் போட்டால் 170 ஜிஎஸ்எம் பக்கத்தில்தான் நிற்கிறது. அட்டையை மேசையில் நிறுத்தினால் கதவு இரண்டும் தொங்குகிறது. எட்டுக் கட்டுக்கும் 250-க்கான காசை வாங்கிவிட்டு 170-ஐ அனுப்பியிருக்கிறீர்கள். இது கை தவறி நடந்ததா, தெரிந்தே நடந்ததா? எழுத்தில் பதில் வேண்டும்.

அப்புறம் கோயமுத்தூர் போனது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. கட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது எங்கள் பின்கோடு உங்களுக்குத் தெரிகிறது. திரும்ப எடுத்துப்போகச் சொன்னால் "உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை" என்கிறீர்கள். கோவையில் உங்கள் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் அன்றைக்கே மாற்றித் தருவார்கள் என்று சொல்லி நாளையும் நீங்களே குறித்தீர்கள். ஆடி 18. அன்று எங்கள் ஊர் என்ன கதியில் இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காவிரிக்கு வந்த கூட்டம் ரோடு முழுக்க. "அன்னைக்கு வேண்டாமுங்க" என்று கேட்டும் வேறு நாள் தரவில்லை. சுவாமிக்கும் போகாமல், எட்டுக் கட்டையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஈரோடு வரை நின்றபடியே போய், அங்கே பஸ் மாறி, காந்திபுரத்தில் இறங்கி, ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்துப் போனால், வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் "இன்னைக்கு ஸ்டாக் எடுக்கறாங்கம்மா, யாரையும் உள்ளே விடக்கூடாது" என்றார். அவர் தப்பில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். வாசலில் நின்றே உங்கள் எண்ணுக்கு நாற்பது நிமிடம் முயன்றேன். எடுத்தவரோ, பிரித்த கட்டை வாங்கமாட்டோம் என்று அப்போது சொல்கிறார். பிரிக்காமல் தாள் வெடிக்கிறதா என்று யாருக்கு, எப்படித் தெரியும்? இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? வீடு திரும்ப ராத்திரி பத்தரை.

சிவகிரி வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே. ஈரோட்டில் கடை கடையாக ஏறி, பூ வேலை செய்த வேறு தாள் வாங்கி, நானும் என் மகளும் நாலு ராத்திரி கண்விழித்து 300 அட்டையும் முடித்தோம். அவர்கள் கேட்டது மயில். கொடுத்தது தாமரை. "சரி விடுங்க அம்மிணி" என்று அந்தப் பெரியம்மா வாங்கிக்கொண்டார், ஆனால் அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். தையில் வரும் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் எனக்குத்தான் வர வேண்டியது. இனி வராது. சொந்தபந்தம் வழியாக ஓடுகிற தொழில் இது. ஒரு வீட்டில் பேர் கெட்டால் பத்து வீட்டில் கெட்டது. ஒன்பது வருடத்தில் சேர்த்த பேர் ஒரே மாதத்தில் போய்விட்டது. என் கணக்கில் நஷ்டம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களிடம் பணிவாகவே கேட்கிறேன். ரூ.5,120-ஐ முழுதாகத் திருப்பித் தாருங்கள். கோவைக்கு அலைய வைத்த செலவு ரூ.640, அதையும் தாருங்கள். இதே தாளை இன்னும் மடிப்பு அட்டைக்கு ஏற்றது என்று விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் நார் ஓடும் திசையையும் உண்மையான ஜிஎஸ்எம்மையும் கட்டின் மேல் போடுங்கள். சிரித்த அந்தத் தம்பி எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அது பெரிது.

15 நாள் பார்ப்பேன். ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் வருட விதி இருக்கிறது. என் முதல் மெயில் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்வேன். பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. கோயமுத்தூருக்கு என்னை அலையவிட்டீர்கள், அப்புறம் நீங்கள்தான் ஈரோட்டுக்கு வர வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. நல்ல தாள் கொடுத்த கம்பெனி என்று இன்னும் மனதில் இருக்கிறது.

தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள். பில் நகல், தராசு நிறுவை காட்டும் போட்டோ, பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் உறையில் இருக்கின்றன. மீதித் தாள் அத்தனையும் அப்படியே அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு அட்டையில் நீல மயில் உள்ளதை மட்டும் தயவுசெய்து ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
நான்கு வருட வாடிக்கையாளர்,
கொடுமுடி, ஈரோடு மாவட்டம்