பழைய லயத்துப் பக்கம் போவதற்கு முன்

அன்புள்ள மாறா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

டிசம்பர் விடுமுறையில் பையனைக் கூட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்து, நம் பழைய ரப்பர் தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் போட்டுப் பழங்காசு தேடலாம் என்றாயே. வா. எனக்கும் ஆசைதான். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, போன ஞாயிறு நானும் செல்வாவும் போயிருந்தோம். கள்ளுக்கடை இருந்த இடத்தில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சதுரக் காசு கிடைத்தது, 1920ஆம் வருடத்து ஒரு சென்ட். யார் கை தவறவிட்டதோ, எந்தப் பிள்ளையின் மிட்டாய்க்கு வைத்திருந்ததோ! இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால், ரப்பர் சருகு குவிந்து கிடக்கும் இடத்தில் நல்ல சிக்னல் கேட்டது. நான் முட்டி போடுவதற்குள் செல்வா தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். ஒரு எட்டு தள்ளி, கப்பாக் போடோ என்று மலாயில் சொல்கிற விரியன் பாம்பு. பழுப்பு உடம்பு, முதுகின் இருபுறமும் கரும் முக்கோணங்கள், கூர்மூக்கு. பக்கத்திலேயே டிடெக்டரை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், அது அசையவே இல்லை. சிக்னலை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்கினோம்.

பெரும்பாலான பாம்புகள் காலடி அதிர்ந்தாலே நழுவிவிடும். நாகமாவது படமெடுத்துக் காட்டும். இது ஆள் வந்தாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும், மிக அருகில் போனால் கொத்திவிடும். விஷம் இரத்தத்தை உறைய விடாது, கடிபட்ட இடம் வீங்கிக் கொப்புளிக்கும். கோலாலம்பூரில் நீ கேள்விப்படுவதெல்லாம் நாகமும் மலைப்பாம்பும்தான். இது வடக்கே, பெர்லிஸ், கெடா, நம் பக்கத்துப் பாம்பு.

"வெறுங்காலோடு ஓடின இடம்தானேடா" என்பாய். அப்போது தோட்டத்தில் புல் வெட்ட ஆள் இருந்தது, விடியுமுன்பே நடமாட்டம் இருந்தது. இன்று அந்தச் சருகை மிதிக்க யாருமில்லை. நாமோ காதை ஹெட்போனால் அடைத்துக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, பீப் சத்தம் வந்ததும் கையைச் சருகுக்குள் விடுகிறோம். காசு தேடுவது என்பதே வெறுங்கையைத் தரையில் வைக்கிற வேலை. அந்தக் கை உன் பையனுடையதாக இருந்தால் என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் போய்விடுகிறது மாறா.

அதனால் நான் சொல்கிறபடிதான் போக வேண்டும். ஒரு காதையாவது திறந்து வை. தோண்டுமுன் நீளக் கழியால் சருகைக் கிளறித் தள்ளு. பூட்ஸ், தடித்த கையுறை இல்லாமல் இறங்கக்கூடாது. அது இரவில்தான் அதிகம் நடமாடும், பொழுது சாயுமுன் வெளியேறிவிட வேண்டும்.

கடித்துவிட்டால் கட்டு போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. மோதிரம், கைக்கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிடு. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து 999ஐ அழை. பாம்பை அடிக்கப் போகாதே, தள்ளி நின்று முடிந்தால் ஒரு படம் எடு. எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு அதற்கான விஷமுறிவு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. இந்தப் பாம்புக்கான மருந்து பாங்காக்கில் தயாராகி வருகிறது. உன் மாமா வேர் வைத்துக் கட்டச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோவிலில் கிளையில் கிடந்த விரியனைப் பார்த்து வாசல் வரை ஓடினவன் நீ. அந்தப் பயத்தில் கொஞ்சத்தை டிசம்பரில் மறக்காமல் கொண்டு வா!

பையனின் ஷூ அளவை இந்த வாரமே எழுதி அனுப்பு. முழங்கால் வரை வரும் பூட்ஸ் பட்டர்வொர்த்தில் பார்த்து வைத்திருக்கிறேன், சின்ன அளவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர்.

அன்புடன்,
ராசு