சுவரை உடைக்காம உள்ளுக்க பாக்கலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் வெள்ளவத்தையில நாங்க இருக்கிற பழைய ஃபிளட்ல சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்திச்சு, வந்து பாத்தவர் சுத்தியலால தட்டி சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளுக்க கம்பி துருப்பிடிச்சிருக்கெண்டு சொன்னவர். உடைக்காம உள்ளுக்க பாக்க வழி இல்லையோ எண்டு தேடேக்கதான் அண்டைக்கு மியூஒன் எண்ட துகளைப் பற்றி வாசிச்சன். விண்வெளியில இருந்து வாற கதிர்கள் காற்றுமண்டலத்தில மோதேக்க உண்டாகிற துகள் அது, எங்கட உள்ளங்கையளவு இடத்தால ஒவ்வொரு செக்கனும் ஒண்டாவது போகுது, ஆக்களுக்கே தெரியாது. கல்லு கூடின பக்கத்தால குறைய வரும், வெற்றிடம் இருந்தா கூட வரும், இந்தத் துகளைப் பிடிக்கிற டிடெக்டர் கருவியை வச்சு மாசக்கணக்கில எண்ணினா உள்ளுக்க இருக்கிறதின்ர படம் கிடைக்கும். 1960களின்ர கடைசியில அமெரிக்க பௌதிக விஞ்ஞானி லூயிஸ் அல்வாரெஸ் எகிப்தில காஃப்ரே பிரமிட்டில இப்பிடித் தேடினவர், புது அறை ஒண்டும் இல்லை. ஆனா 2017ல கூஃபு பிரமிட்டுக்குள்ள ஆகக்குறைஞ்சது 30 மீட்டர் நீளமான வெற்றிடத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்கள், ஒரு கல்லைக்கூட அசைக்காம!

என்ர சீலிங் மாதிரி மெல்லிய கொன்கிரீட்டுக்கு இது சரிவராது, உண்மைதான். பெரிய அணைக்கட்டு, அநுராதபுரத்து தாதுகோபுரங்கள் இதுகளுக்கெண்டா எவ்வளவு உதவும்? எங்கட பல்கலைக்கழக பௌதிகப் பிள்ளையள் சின்ன டிடெக்டர் ஒண்டாவது செய்து பாக்க காசு ஒதுக்கச்சொல்லி உங்கட பேப்பர் எழுதவேணும் ஐயா.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி, கொழும்பு 6