வாக்குச்சீட்டில் அட்டர்னி ஜெனரல் பெயரைத் தாண்டிப் போகாதீர்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் உங்கள் அரங்குகளில் வாக்காளர் கூட்டம் நடக்கிறது. ஆளுநர், செனட்டர் என்று பேசி முடிப்பதற்குள் காபி வந்துவிடும். வாக்குச்சீட்டில் சற்றுக் கீழே இருக்கும் அட்டர்னி ஜெனரலை, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞரை, பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காரணம் புரியாமலில்லை. தமிழ்நாட்டில் அரசுத் தலைமை வழக்கறிஞரை அரசியல் சாசனத்தின் 165ஆம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். அரசாங்கத்தின் வக்கீலுக்கு ஓட்டுப் போடுவது நமக்குப் பழகாத சங்கதி.

அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அதுதான் நடைமுறை. ஐந்தில் ஆளுநர் நியமிக்கிறார். நியூ ஜெர்சி அதில் ஒன்று, எனவே அங்குள்ள எடிசன் ஊர்க்காரர்கள் சீட்டில் தேட வேண்டாம். மெய்னில் சட்டமன்றமும் டென்னசியில் உச்ச நீதிமன்றமும் தேர்வு செய்கின்றன. பதவி இங்கிலாந்து மன்னரின் வழக்கறிஞர் வழியாக வந்தது. நியூயார்க்கில் 1846 அரசியல் சாசனம்தான் அதை மக்கள் கையில் கொடுத்தது.

இதன் பலன் 1994இல் மிசிசிப்பியில் தெரிந்தது. அட்டர்னி ஜெனரல் மைக் மூர் புகையிலை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார். ஆளுநர் கிர்க் ஃபோர்டைஸ் அதை நிறுத்த நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. நியமனப் பதவியாக இருந்திருந்தால் ஒரே கடிதத்தில் கதை முடிந்திருக்கும். பிறகு 1998இல் வேறு 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 25 ஆண்டுகளில் குறைந்தது 20,600 கோடி டாலர். ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு: 2010இல் கலிபோர்னியாவில் சென்னை சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் இதே பதவிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். முடிவு தெரியவே மூன்று வாரம் ஆனது.

இனி உங்கள் சொந்த விஷயம். கலிபோர்னியாவில் அறக்கொடை அமைப்புகளைக் கண்காணிப்பதே இந்த அலுவலகம்தான். முதல் நன்கொடை கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆண்டுதோறும், நிதியாண்டு முடிந்து நாலரை மாதத்துக்குள், பதிவைப் புதுப்பிக்கும் ஆர்.ஆர்.எஃப்-1 படிவம். கணக்கு டிசம்பரில் முடிந்தால் மே 15. வருமான வரித்துறையின் 501(சி)(3) வரிவிலக்குக் கடிதம் இருக்கிறதே என்று இருந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அது வேறு, இது வேறு. கோயிலுக்கு உள்ள விலக்கு சங்கத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பது இன்னொன்று. நிர்வாகக் குழு மாறியும் முகவரி மாறாததால், எச்சரிக்கைக் கடிதம் பழைய செயலாளர் வீட்டுக்குப் போகிறது. பதிவு 'கெடு தவறியது' (delinquent) என்று விழுந்தால் நன்கொடை திரட்டக்கூடாது. தாமதக் கட்டணம் மாதம் 25 டாலர். அதைச் சங்கப் பணத்திலிருந்து எடுக்க முடியாது, பொறுப்பானவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும்.

உறுப்பினர்களிடம் இதையும் சொல்லுங்கள்: அட்டர்னி ஜெனரல் உங்கள் தனி வக்கீல் அல்ல. வாடகை முன்பணத் தகராறில் உங்களுக்காக வாதாட வரமாட்டார். ஆனால் ஒரே நிறுவனத்தின் மீது நூறு புகார் குவிந்தால் மாநிலத்தின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம். குற்ற வழக்குகள் பெரும்பாலும் மாவட்ட அரசு வழக்கறிஞரிடம்தான் போகும்.

அடுத்த கூட்டத்தில் இதற்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பதவியை விளக்கலாம், வேட்பாளர் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கலாம். சங்கத்தின் பெயரால் யாருக்கும் ஆதரவு மட்டும் கூடாது, வரிவிலக்கு போய்விடும்.